ஒரு வரி போதாது

“கையெழுத்தைப் போட்டுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போம்மா. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாம நான் பாத்துக்கறேன்.” தலைமைப் பொறியாளர் தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

‘இயந்திரத்தின் தவறான முடிவே காரணம்’ என்று அதில் அச்சிட்டிருந்தது. அவள் பேனாவைத் தொடவில்லை.

“மாட்டேன் சார். எழுதியிருந்ததைப் படிச்சுது, அப்படியே செஞ்சுது. எழுதுனதுதான் தப்பு.”

பக்கத்தில் இருந்த கட்டுப்பாட்டு அறை மேற்பார்வையாளர் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தார். குடிநீர் அலுவலகத்தில் அவளுக்கு ‘அகராதி’ என்று பெயர். பாதி அவள் வேலையால் வந்தது, பாதி அவள் வாயால் வந்தது.

ஊர்க் குழாய்களைத் திறப்பதும் மூடுவதும் இப்போது ஓர் ஏ.ஐ. ஏஜென்ட்டின் வேலை. அதன் கையில் உள்ள ஒவ்வொரு கட்டளையோடும், இது என்ன செய்யும், எப்போது தொடலாம், எப்போது தொடவே கூடாது என்று ஒரு விளக்கம் இருக்கும். அதைப் படித்துத்தான் ஏஜென்ட் எதையும் செய்யும். அந்த விளக்கங்களை எழுதுவது அகராதியின் பொறுப்பு.

முந்தின நாள் ஒரு தெருமுனையில் குழாய் கசிந்தது. ‘தேவைப்பட்டால் பகுதிக் குழாயை மூடவும்’ என்றது விளக்கம். தேவைதான் என்று ஏஜென்ட் மூடிவிட்டது. அதே குழாயில்தான் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவுக்கும் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பிரிவின் தலைமை நர்ஸ் எதிரே உட்கார்ந்திருந்தார். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள்.

“ஆறு பேர் டயாலிசிஸ் மெஷின்ல பாதியில கெடந்தாங்க. எப்படியோ உயிரோட இறக்கிட்டோம். யார் மேல தப்புன்னு எனக்கு வேண்டாம் சார். நாளைக்கு மறுபடி தண்ணி நிக்குமா, நிக்காதா? அதைச் சொல்லுங்க.”

“நிக்கவே நிக்காது சிஸ்டர். தேவைப்பட்டா இந்த ஏஜென்ட்டையே தூக்கிட்டு வேற ஒண்ணு வாங்கிடுவோம்.”

“எதை வாங்கினாலும் அதே வரியைத்தானே சார் படிக்கும்?” அகராதி நர்ஸ் பக்கம் திரும்பினாள். “நான் கையெழுத்துப் போட்டா அந்த வரி அப்படியே இருக்கும் சிஸ்டர். அடுத்த கசிவுக்கும் உங்க குழாயைத்தான் மூடும். ‘இதுல ஆஸ்பத்திரி இருக்கு, அவங்களைக் கேக்காம தொடாதே’ன்னு ஒரு வார்த்தை இருந்திருந்தா, அது தொட்டிருக்காது.”

“அவ்வளவு புத்திசாலி மெஷினு! அதுக்கு ஒரு வரி போதாதா?” பொறியாளர் சிரிக்கப் பார்த்தார்.

“போதாது சார். புதுசா வந்த டிரைவர்கிட்ட ‘தேவைப்பட்டா பிரேக் போடு’ன்னு மட்டும் சொல்லிட்டு நீங்க பின்சீட்ல தூங்குவீங்களா?”

நர்ஸுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. பொறியாளரின் முகம் சிவந்தது.

மேற்பார்வையாளர் அவள் காதருகே குனிந்தார். “விட்டுத் தொலைம்மா. உனக்கு எதுக்கு இந்த வம்பு?”

“நான் விட்டா, சிஸ்டர் யார்கிட்டண்ணே போவாங்க?” அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

“ஏம்மா, விளக்கமெல்லாம் நீதான் எழுதறேன்னு சொன்னாங்களே,” என்றார் நர்ஸ் மெதுவாக. “அப்போ அந்த வரி...”

“வேற யாரு எழுதுவா?” பொறியாளர் குறுக்கே பாய்ந்தார். “போனாப் போகுதுன்னு காப்பாத்தப் பாத்தா, தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கறா! சரி, தேவைப்பட்டா நானும் கடுமையா நடந்துக்குவேன். சிஸ்டர், நீங்களே சாட்சி. அந்த வரி இந்த நிமிஷமே போகணும். அதை எழுதின ஆள் இனிமே ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. இது என் உத்தரவு!”

அகராதி மடிக்கணினியைத் திறந்தாள். அந்த ஒற்றை வரியை அழித்தாள். ஆஸ்பத்திரியின் பெயரை முதல் சொல்லாக வைத்துப் புதிய விளக்கத்தை எழுத ஆரம்பித்தாள்.

“ரொம்ப நன்றி சார். இந்த உத்தரவுக்காக நான் ஏறாத படி இல்ல. அந்த வரியைத் தொடவே யாரும் விடல.”

“விடலையா? ஏன், அதுல அப்படி என்ன இருக்கு?”

மேற்பார்வையாளர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

“ஏஜென்ட் திறப்பு விழா அன்னைக்கு, கேமரா முன்னால நீங்க டைப் பண்ண வரி சார் அது.”