இரண்டு நாளாகச் சாப்பிடாத பூனை

கூடையை மேசையில் வைத்த கையோடு கணவன் கத்தினான். “ரெண்டு நாளா ஒரு வாய் சாப்பிடல டாக்டர்! இந்தக் கழுதை என்னத்தப் போட்டுத் தொலைச்சாளோ!”

பக்கத்தில் நின்ற மனைவியின் பிடரியில் ஒன்று விட்டான். நேற்றும் இதற்காகத்தான் பெல்ட்டால் விளாசியிருந்தான். முந்தாநாள், பூனைக்குச் சோறு பிசையத் தாமதமென்று முகத்தில் குத்தியிருந்தான்.

“கையக் கீழ போடுங்க,” என்றார் கால்நடை மருத்துவர். “பூனை ஒரு நாள் சாப்பிடலன்னாலே தூக்கிட்டு வந்துடணும். ஈரல் கெட்டுடும்.”

“அதுக்கு ஒண்ணுன்னா இவள உயிரோட விடமாட்டேன்!”

செய்யக்கூடியவன்தான்.

மருத்துவர் பூனையின் வாயைத் திறந்து டார்ச் அடித்தார். மேலண்ணத்தில் சிக்கியிருந்ததை இடுக்கியால் பிடுங்கித் தட்டில் போட்டார்.

“என்னது, எலும்பா?”

“பல்லு.”

“ஐயையோ, என் செல்லத்துக்குப் பல்லு விழுந்துடுச்சா?”

“இது மனுஷப் பல்லு.”

மருத்துவர் மனைவியிடம் திரும்பினார். “நீங்க கொஞ்சம் வாயத் திறங்கம்மா.”