ஹிதாயா சொன்ன விலை

“பக்கத்துக்கு ஆயிரத்தைந்நூறா? நேத்துத் தொடங்கின புள்ளைக்கு இது கூடிப்போச்சு தங்கச்சி!”

வந்தவர் கையில் சிங்களத்தில் எழுதிய காணி உறுதிப் பத்திரம். அதைத் தமிழாக்க வேண்டும். ஹிதாயாவுக்கு வந்த முதல் வேலை.

“நான்தான் புதுசு, நானா. ஒரு சொல்லுப் பிழைச்சாலும் போறது ஒங்கட காணி.”

“பாதி விலைக்குச் செய்ங்க. எங்கட கனமூலை ஊர்ல இருந்து பத்துப் பேரை அனுப்புறன்.”

“பத்துப் பேருக்கும் இதே விலதான்.”

அவர் எழுந்து வாசல்வரை போனார். முதல் வேலை கைநழுவுவது தெரிந்தும் ஹிதாயா கூப்பிடவில்லை.

அவரே திரும்பினார்.

“நானும் மொழிபெயர்ப்பாளன்தான், சிலாபத்தில. நீங்க மலிவாச் செஞ்சா என்ட தொழில் படுத்திருமோண்டு பாக்க வந்தன்.”

“அப்ப நீங்க எவ்வளவு எடுக்கிறீங்க?”

அவர் தலையைச் சொறிந்தார்.

“எழுநூறு. இத்தன வருஷமா விலையக் கூட்டப் பயம். நாளையில இருந்து நானும் ஆயிரத்தைந்நூறு!”

நீங்களே சொல்லுங்க, ஹிதாயா கேட்டது கூடுதலா?