பனிமேட்டில் ஒருவன்

ஜம்முவில் படிக்கும் டோல்கர், விடுமுறைக்கு லடாக் வந்ததிலிருந்து தினமும் புத்தகமும் வீட்டில் பொரித்த கப்சே பலகாரமுமாகப் பனிமேட்டுக்குப் போவது பக்கத்து வீட்டு யாங்சினின் கண்ணை உறுத்தியது. டோல்கரின் அம்மாவிடம், "அங்க யாருன்னு நான் கண்டுபிடிக்கிறேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனாள்.

"யாருடீ அவன்?"

"உஷ்... மெதுவா, சித்தி! கூச்ச சுபாவம், ஓடிடுவான். ஊருக்குத் தெரிஞ்சா கொன்னே போட்டுடுவாங்க."

"தெரியட்டும்! முதல்ல உங்கம்மாகிட்டதான் சொல்லப்போறேன்."

டோல்கர் எதிர்ப் பாறையைக் காட்டினாள். பாறையில் பாதி எழுந்து சோம்பல் முறித்தது.

பனிச்சிறுத்தை!

போன மாதம் யாங்சினின் ஆட்டைத் தின்றது அதுதான். நீண்ட வாலை மெல்லச் சுழற்றியபடி அது அவளையே பார்த்தது. அவளுக்கு ஆடும் மறந்தது, மூச்சும் மறந்தது.

திரும்பி வந்தபோது வாசலிலேயே டோல்கரின் அம்மா காத்திருந்தாள். "யாருடீ?"

"யாருமில்லக்கா, புத்தகம்தான் படிக்கிறா. நாளைக்குக் கப்சே கூடக் கொஞ்சம் குடுத்து விடு. நானும் படிக்கப் போறேன்."