ஆறாவது வரி

பிற்பகல் வெயில் சன்னல் கண்ணாடி வழியே கணினித் திரையில் விழுந்து எண்களை வெளிறச் செய்கிறது. கீழே மைதானத்தில் கூடைப்பந்து அணியின் சென்டர் இடத்தில் ஆடும் இருபது வயதுப் பையன் தனியாக ஃப்ரீ த்ரோ பழகுகிறான். பந்து வலையை உரசி இறங்கும் ஓசை திரும்பத் திரும்ப மேலே வருகிறது. அவனுக்கு ஐந்து வருட ஒப்பந்தமா, ஒரு வருடம் போதுமா என்று அணியின் புள்ளிவிவரக்காரர் சாயங்காலத்துக்குள் எழுதித் தர வேண்டும். ஒரு காலத்தில் அவரும் இதே அணியின் சென்டர்தான். இருபது வயதில் இவனைப் போலவே ஆடிய ஐந்து பேரைத் திரையில் வரிசைப்படுத்தியிருக்கிறார். ஐவருமே முப்பதைத் தாண்டி ஆடியவர்கள். ஆறாவதாக, பெயர் போடாமல், தன் பழைய எண்களையும் சேர்த்திருக்கிறார். எந்தக் கட்டத்திலும் அவை இவன் எண்களின் பக்கத்தில்கூட வரவில்லை. ஆனாலும் ஐந்து வருடம் ஆபத்து என்று தோன்றவைக்க அந்த ஒரு வரி போதும். அழித்துவிடலாம் என்று விரலை விசையின் மேல் வைக்கிறார். பந்தின் ஓசை நிற்கிறது. கழுத்தில் துண்டோடு, கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து அவன் உள்ளே வருகிறான்.

"என்னண்ணே, என் தலையெழுத்த எழுதியாச்சா?"

"இன்னும் இல்லப்பா."

திரையைப் பார்க்கிறான். "கடைசில இருக்கிறவரு யாருண்ணே? இருபத்துநாலு வயசோட நின்னுட்டாரே."

"முட்டி போயிடுச்சு."

"பாவம். ஆனா இந்த எண்ணையெல்லாம் பாத்தா, முட்டி நல்லா இருந்திருந்தாலும் ரொம்ப தூரம் போயிருக்க மாட்டாரு, இல்லண்ணே?"

பதிலுக்குக் காத்திராமல் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடுகிறான். அவர் மேசைக்கடியில் தன் வலது முட்டியைத் தேய்த்துவிடுகிறார். கீழே பந்து மறுபடியும் வலைக்குள் இறங்குகிறது. விசையிலிருந்து விரலை எடுத்து, ஆறு வரிகளோடும் அறிக்கையை அனுப்புகிறார்.