விழுந்த கழுகிறகு

முரசு சட்டென்று நின்றுவிடுகிறது. உச்சி வெயிலில் ஆட்டக்களத்தைச் சுற்றி லகோட்டா பழங்குடி ஊரே தொப்பியைக் கழற்றி எழுந்து நிற்கிறது. ஹோபர்ட்டின் தலையிலிருந்து விழுந்த கழுகிறகு, மிதிபட்ட புல்லில் கிடக்கிறது. போரில் மாண்ட அவர் அண்ணனுடையது. போருக்குப் போய்வந்தவர்தான் அதைத் தொடலாம், விழுந்த வீரனைத் தூக்குவதுபோல. காலையில் இறகைக் கட்டிவிட வந்த தங்கையை, "எனக்குத் தெரியும், போம்மா" என்று விரட்டியவர் ஹோபர்ட். "போனைக் கீழ வைடா, படம் புடிக்காதே!" என்று யாரோ அதட்டுகிறார்கள். கம்பத்தில் கொடி துவண்டு தொங்குகிறது. தங்கையின் கணவர் மெர்ல், பழைய படைவீரர், நொண்டியபடி களத்தில் இறங்குகிறார். போன கோடையில் அவர் மகனின் இறகு இங்கேதான் விழுந்தது. "கட்டத் தெரியாதவனெல்லாம் எதுக்குடா ஆட வர்றீங்க?" என்று ஊர் கேட்கச் சொன்னவர் ஹோபர்ட். அந்த வார்த்தை இப்போது திரும்பி வரும். அவர் முதுகு விறைக்கிறது. கன்னத்துச் சாயத்தில் வியர்வை கோடிழுக்கிறது. மெர்ல் நான்கு முறை சுற்றிவந்து, குனிந்து, இரு கைகளாலும் இறகை எடுத்து நீட்டுகிறார்.

"என்னா காத்து மச்சான் இன்னைக்கு!" என்கிறார், எல்லாருக்கும் கேட்கும்படி.

புல் நுனிகூட அசையாத அந்த வெயிலில், ஹோபர்ட் தலைகுனிந்து இரு கைகளையும் ஏந்துகிறார்.