தேறாத வண்டி

"அண்ணாச்சி, வண்டி இனி தேறாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

சொல்லிவிட்டு, கையிலிருந்த மட்டன் பிரியாணிப் பொட்டலத்தை ஸ்பானர்களுக்கு நடுவே வைத்தாள் விஜிதா. மட்டன் பிரியாணிக்குப் பேர்போன சங்கரன்கோவிலில் வாழ்க்கைப்பட்டவள். காரியம் ஆக வேண்டிய இடத்துக்கு வெறுங்கையோடு போவாளா, என்ன?

மெக்கானிக் தங்கப்பழம் பொட்டலத்தைப் பார்த்தார். பசித்தவர் பார்க்கிற பார்வையாக அது இல்லை.

"இதெல்லாம் எதுக்கும்மா? எனக்கே ரெண்டு நாளா வயிறு சரியில்ல."

"மட்டன்தான் அண்ணாச்சி. சூடா இருக்கு."

"அதான் வாசனையே சொல்லுதே" என்று பெருமூச்சு விட்டார்.

பட்டறை மூலையில், முன்சக்கரம் கோணி, ஹெட்லைட் தொங்கிப்போய் நின்றது மோட்டார் சைக்கிள். கல்யாணத்தின்போது விஜிதாவின் அப்பா சுயம்புலிங்கம் மாப்பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தது. போன மாதம் ராயகிரி ரோட்டில் குறுக்கே வந்த ஆட்டுக்கு ஒதுங்கப்போய், அவள் புருஷன் பிரவின்ராஜ் வண்டியோடு பள்ளத்தில் விழுந்தான். ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவனுக்குத்தான் கை எலும்பு முறிந்தது.

"ரிப்பேர் செலவு வண்டி மதிப்புல முக்கால்வாசியத் தாண்டுனா, இன்சூரன்ஸ்காரன் டோட்டல் லாஸ்னு எழுதிருவானாமே? வண்டியை எடுத்துக்கிட்டு ரூவாயக் கொடுத்துருவானாமே? சேதத்தைப் பாக்க அவங்க சர்வேயர் வந்தா நீங்க செலவைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லிருங்க அண்ணாச்சி."

"வெவரமாத்தான் விசாரிச்சிருக்க. வண்டி வேண்டாம்னு நீயே ஒன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லலாம்லா?"

"அவுககிட்டயா? வண்டி எப்ப வரும், எப்ப வரும்னு சின்னப்புள்ள மாதிரி அனத்துதாக. எங்கப்பா அதுக்கு மேல! நான் கொடுத்த வண்டி, மாப்ள அதுலதான் போகணும்னு ஒரே பிடியா நிக்காரு. இதுல நான் வேண்டாம்னா, அப்பன் ஆசையாக் கொடுத்ததை மக தட்டிவிட்டான்னு ஆயிரும்."

அவள் குரல் உடைந்தது.

"நெசமாச் சொல்லுதேன், அன்னைக்கு ஆஸ்பத்திரியில அவுகளப் பாத்தப்போ எனக்கு உசுரே இல்ல. இன்னொரு தடவை என்னால முடியாது அண்ணாச்சி. கடையநல்லூர் ஆபீசுக்கு பஸ்ஸா இல்ல?"

"சரி, சரி, அழாத. சாயந்தரம் ரெண்டு பேரையும் கூட்டிட்டு வா. அவங்க முன்னாடியே சொல்லிருதேன்."

விஜிதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

சாயந்தரம் மூன்று பேரும் பட்டறையில் நின்றார்கள். தங்கப்பழம் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "டோட்டல் லாஸ். சேசிஸே வளைஞ்சிட்டு. ரிப்பேர் பாத்தாக் கட்டுபடியாகாது."

"என்ன வே சொல்லுதீரு?" சுயம்புலிங்கம் போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடையே திரும்பிப் பார்த்தது. "எம் மாப்ளைக்கு நான் பாத்துப் பாத்து வாங்குன வண்டி! எவ்வளவு ஆகும்னு சொல்லும், நான் தாரேன்!"

கத்தினாரே தவிர, கை சட்டைப்பை பக்கம் போகவில்லை.

பிரவின்ராஜ் கட்டுப் போட்ட கையோடு வண்டிக்கு அருகில் போனான். நல்ல கையால் பெட்ரோல் டேங்கைத் தடவினான். விரல்கள் நடுங்கின.

"மாமா கொடுத்த வண்டி அண்ணாச்சி. இதுல போற சுகம் வேற எதுல வரும்?" என்றான். கண் கலங்கியிருந்தது.

விஜிதா அவன் முகத்தைப் பார்த்தாள். அடிப் பாவி! என் பயத்துக்காக இந்த மனுஷனை இப்படி அழவிட்டுட்டேனே! அவளால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணாச்சி, நான் காலையில சொன்னதை மறந்துருங்க! நான்தான் ஒங்களப் பொய் சொல்லச் சொன்னேன். அவுக இவ்வளவு ஆசைப்படுதாகளே, என்ன செலவானாலும் சரி, வண்டியைச் சரி பண்ணிக் கொடுத்துருங்க!"

பிரவின்ராஜின் முகம் வெளுத்துப்போனது.

"ஏட்டி, கூறு இருக்கா ஒனக்கு? அவரு தேறாதுங்காரு, நீ சரி பண்ணுங்கிற! தொழில் தெரிஞ்சவரு சொன்னா கேக்கணும்!"

"மாப்ள சொல்லுததுதான் சரி" என்று சுயம்புலிங்கமும் அவசரமாகச் சேர்ந்துகொண்டார். "வளைஞ்ச இரும்பு வளைஞ்சதுதான் மக்கா. விட்டுத் தொலை!"

விஜிதா திருதிருவென்று விழித்தாள். தங்கப்பழத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"முந்தாநாள் ஒங்கப்பா ஒரு பிரியாணிப் பொட்டலத்தோட வந்தாரும்மா. மகளை நெனைச்சாப் பயமா இருக்கு, கொடுத்ததைத் திருப்பிக் கேக்கவும் முடியல, தேறாதுன்னு சொல்லிரும்னாரு. நேத்து ஒன் வீட்டுக்காரரு ஒரு பொட்டலத்தோட வந்தாரு. ஹேண்டில்பாரைப் பாத்தாலே கை நடுங்குது, மாமாகிட்ட எப்படிச் சொல்லுவேன், தேறாதுன்னு சொல்லிருங்கன்னாரு. இன்னைக்கு நீ!"

மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கக் கூச்சப்பட்டு, வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அப்போ, எங்களுக்காக சர்வேயர்கிட்ட பொய் சொல்லப்போறீயளா அண்ணாச்சி?" விஜிதா மெல்லக் கேட்டாள்.

"நான் எதுக்கும்மா பொய் சொல்லுதேன்? முந்தாநாள் காலையிலயே சர்வேயர் வந்து டோட்டல் லாஸ்னு எழுதிட்டுப் போயிட்டாரு" என்றார் தங்கப்பழம், வயிற்றைத் தடவிக்கொண்டே. "ஒங்களுக்குச் சொல்லலாம்னு போனை எடுத்தேன், அதுக்குள்ள மொதப் பொட்டலம் வந்துட்டு!"