வேலைக்காரி ஏன் சொல்லவில்லை?

கல்லடியில் தனியே இருந்த மேர்லின், வழக்கம்போல மாலையில் காத்தான்குடியில் இருந்த சுஹைனாவுக்குப் போன் எடுத்தாள். அவளும் சுஹைனாவும் நாற்பது வயதுக்குப் பிறகு ஆங்கில இலக்கியத்தில் பட்டம் படிக்கத் தொடங்கியவர்கள். பாடங்களைப் போனில்தான் பேசிப் படிப்பார்கள்.

"சுஹைனா, அந்தப் பேய்வீட்டுக் குறுநாவலில வாற வேலைக்காரிய எனக்கு விளங்கல்ல. மேல்மாடியில கேக்கிறது பேயில்ல, காத்துத்தான் எண்டு அவளுக்கு முதல்லயே தெரியும். ஏன்கா எசமானிக்கிட்டச் சொல்லல்ல?"

"சொன்னா வேலை போயிரும் எண்டு பயம்."

"எசமானி அவள வேலையால நிப்பாட்டவே மாட்டா. அதுவும் அவளுக்குத் தெரியுமே."

சுஹைனாவும் வீட்டில் தனியேதான் இருந்தாள். அவளுடைய புருசன் கட்டாரில், பிள்ளைகள் கொழும்பில்.

"பயம் தெளிஞ்சா எசமானி தன்னைக் கூப்பிட மாட்டா எண்டு நினைச்சிருப்பாள். அவ்வளவு பெரிய வீட்டில அவளோட கதைக்க வேற ஆர் இருக்கா?"

இனியும் நடிக்க மேர்லினுக்கு மனம் வரவில்லை.

"சுஹைனா, நாம கடைசிச் சோதினையும் எழுதி முடிச்சு ஒரு மாசமாயிற்று."

"தெரியும்கா. நாளைக்கு அந்தக் குறுநாவலில வாற தோட்டக்காரனப் பத்திக் கதைப்பம். நேரத்தோட எடு."